தாமரைக்குக் கீழே ஒரு விரிசல்

கிளிநொச்சி நகருக்குள் ஏ9 வீதியோரமாக அந்தச் சீமெந்துக் கட்டி நிற்கிறது. சாம்பல் நிறக் கனசதுரம். அதைப் பெரிய பீரங்கிக் குண்டொன்று துளைத்திருக்கிறது. குண்டு பட்ட இடத்திலிருந்து விரிசல் ஓடுகிறது. உச்சியில் ஒரு தாமரை. 2009 ஜனவரி 2ஆம் திகதி இராணுவம் நகரைக் கைப்பற்றியதைக் கொண்டாடும் வெற்றிச் சின்னம் இது. கனசதுரம் படையினரின் உறுதி, தாமரை சமாதானம் என்பது உத்தியோகபூர்வ விளக்கம்.

விளக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சின்னத்தை மட்டும் பாருங்கள். ஷெல் துளைத்த சீமெந்து என்றால் வன்னியில் இருந்தவர்களுக்கு அது வீட்டுச் சுவர், இல்லையென்றால் ஆஸ்பத்திரிச் சுவர். கட்டி இராணுவம் என்றால் குண்டு யாருடையது? குண்டு இராணுவத்தினுடையது என்றால் பிளந்து கிடக்கும் கட்டி யார்? சின்னத்துக்கே இது தெளிவில்லை. இந்தத் தடுமாற்றத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. அதில் உண்மை கசியும் ஒரே இடம் அந்த விரிசல்தான்.

என் சண்டை தாமரையோடு. பிளவு, பிளவிலிருந்து ஓர் உயிர் என்பது பிரசவத்தின் படிமம். ஆனால் பெற்றவள் அங்கே இல்லை. வலியும் இரத்தமும் இல்லை. பெண்ணுடலின் வேலையைக் கடன் வாங்கிக்கொண்டு பெண்ணை வெளியே நிறுத்திவிட்டார்கள். இறந்த பொதுமக்களுக்கும் அங்கே இடமில்லை.

இதைச் சொல்லிவிட்டு மற்றப் பக்கத்தைப் பார்க்காமல் போனால் நான் நேர்மையானவள் அல்ல. அதே ஊரில் கனகபுரம் துயிலும் இல்லம் இருக்கிறது. போருக்குப் பிறகு இடித்து நிரவப்பட்டது. 2016 நவம்பர் 27 அன்று மக்கள் திரும்பப் போய் விளக்கேற்றினார்கள். கல்லறைகளை இடிப்பது இறந்தவர்களின் தாய்மார்மீது நடத்தப்படும் வன்முறை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்த இல்லங்களின் வடிவமைப்பில் ஒரு துணிச்சலும் இருந்தது. ஒரே அளவான கல்லறைகள், நேர் வரிசைகள், பெண் போராளிக்கும் ஆண் போராளிக்கும் ஒரே உருவம். சாதியும் சீதனமும் பார்த்துப் பெண்ணை எடைபோடும் எங்கள் ஊர்களில் இது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் அங்கே உடல்களைப் புதைப்பதென்று சொல்வதில்லை. விதைப்பது என்பார்கள். உடலுக்கு வித்துடல் என்று பெயர். இராணுவத்துக்குத் தாமரை, இயக்கத்துக்கு விதை. இரு தரப்பும் சாவை விளைச்சலாக மாற்றத் தாவரங்களிடம்தான் போயிருக்கின்றன. விதை என்று சொன்ன பிறகு, 'என் பிள்ளையை ஏன் கொண்டுபோனீர்கள்' என்று ஒரு தாய் கேட்க முடியாது. கடைசி வருடங்களில் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து மகளை ஒளித்தவர்கள், பதினாறு வயதில் அவசரமாகக் கலியாணம் கட்டிவைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய மறுப்பு எந்தக் கல்லிலும் இல்லை.

என் பெரியம்மாவின் மகன் இந்த இரண்டு இடத்திலும் இல்லை. 2009 மாசியில் பிடித்துக்கொண்டு போனார்கள். பங்குனியில் தப்பி வந்துவிட்டான். வயது 17. மே 18 அன்று வட்டுவாகலைக் கடந்தபோது, ஒருநாள் இருந்தவர்களும் பதியவேண்டும் என்று அறிவித்தார்கள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வரிசையில் விட்டவர் பெரியம்மாதான். பிறகு அவனைக் காணவில்லை.

ஜெர்மன் கலைஞர் கேத்தே கொல்விட்ஸ் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கைதான் நினைவுக்கு வரும். அவருடைய மகன் பீட்டர் 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் போரில் இறந்தான். வயது 18. படையில் சேர விடும்படி கணவரை இணங்கவைத்தவர் கேத்தேதான். மகனுக்கான சின்னத்தை முடிக்க அவருக்கு 1932 வரை எடுத்தது. முதலில் கிடத்திய மகனின் உடலையும் சேர்த்துத்தான் யோசித்தார். பிறகு அதை விட்டுவிட்டார். முழந்தாளிட்ட தாய், தகப்பன், இருவருக்கும் இடையில் வெறுமை. பூவும் இல்லை, விதையும் இல்லை.

கிளிநொச்சியில் அதற்குக் கிட்டவாக நான் கண்டது ஒரு கொட்டகையை. 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் இருக்கத் தொடங்கினார்கள். பெரும்பாலும் பெண்கள். வெற்றிச் சின்னம் நிற்கும் அதே வீதி. தகரம், தறப்பாள், பிளாஸ்டிக் கதிரைகள், போராட்டம் எத்தனையாவது நாள் என்று எழுதிய பதாகை, வரிசையாகப் படங்கள். இதை நினைவுச் சின்னம் என்று நான் சொன்னால் அவர்கள் கோபிப்பார்கள். கோபிப்பது சரி. நினைவுச் சின்னம் முதலில் கேட்பது சாவை ஒப்புக்கொள்வதை. 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ஷ, காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்றும் மரணச் சான்றிதழ் வழங்கலாம் என்றும் சொன்னார். கல்லும் சான்றிதழும் இந்தப் பெண்களிடம் கேட்பது ஒரே கையெழுத்தைத்தான். அவர்கள் போடவில்லை. பதில் தெரியாமலே பலர் இறந்தும் போனார்கள்.

பெரியம்மாவின் வீட்டில் பெரியப்பாவின் படத்துக்கு மாலை இருக்கிறது, சிவப்பு பல்ப் எரிகிறது. மகனின் படம் எதிர்ச்சுவரில். அங்கே பூவே இல்லை. ஒருமுறை தெரியாமல் நான் ஒரு செவ்வரத்தம்பூவைக் கொண்டுபோய்ச் சட்டத்தில் செருகப் பார்த்தேன்.

"வேண்டாம் பிள்ளை. வைச்சா நானே அவனைச் சாக்காட்டின மாதிரி எல்லோ."

கொட்டகையிலும் அதே படம்தான் தொங்கியது. இடப்பெயர்வில் எல்லாம் தொலைந்துபோக, மிஞ்சியது 2005இல் யாழ்ப்பாணத்தில் நடந்த என் சாமத்தியவீட்டுப் படம் ஒன்று. அதிலிருந்து அவனை மட்டும் வெட்டிப் பெருப்பித்தார்கள். அதனால் படத்தில் அவனுக்கு வயது 13. வெட்டினவர் சரியாக வெட்டவில்லை. ஓரத்தில், அவனுடைய தோளுக்குப் பக்கத்தில், முழங்கைவரை வளையல் அடுக்கிய ஒரு கை தெரியும். அது என்னுடையது.