வாலஸின் பயண நூல்: ஒரு வியாபாரியின் பார்வை

ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் எழுதிய 'மலாய்த் தீவுக்கூட்டம்' 1869-இல் வெளிவந்தது. 1854 முதல் 1862 வரை, இன்றைய சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா பகுதிகளில் சுமார் 14,000 மைல் சுற்றிய அனுபவம் அது. விஞ்ஞான வேலையாகப் போனவர் காட்டை அப்படி ரசித்திருக்கிறார். 1859-இல் பச்சான் தீவில் நெருப்பு நிறச் சிறகுள்ள வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் பிடித்ததும் நெஞ்சு படபடத்து, மயக்கம் வருவது போலாகி, அன்று பொழுதுக்கும் தலைவலியாம்.

நான் வியாபாரி. எந்தப் புத்தகத்திலும் வரவு செலவைத் தேடுவது என் வழக்கம். வாலஸ் செல்வந்தர் அல்லர். அவர் அனுப்பிய பூச்சிகளையும் பறவைத் தோல்களையும் லண்டனில் சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற முகவர் விற்றுக் கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் பயணம் நடந்தது. சேர்த்த மாதிரிகள் மொத்தம் 1,25,660 என்று முன்னுரையிலேயே கணக்குக் காட்டுகிறார். இதை ஒதுக்கிவிட்டு ரசனையை மட்டும் புகழ்வது முழு விமர்சனம் ஆகாது.

கொல்லாமையைக் குலநெறியாகக் கொண்ட சமணனாகிய எனக்கு இரண்டு இடங்கள் உறுத்துகின்றன. 1855-இல் சரவாக்கில் தாய் ஒராங்குட்டானைச் சுட்டபின், சேற்றில் கிடந்த குட்டியை எடுத்துப் பிள்ளை மாதிரி வளர்க்கிறார். பால் கிடைக்காமல் கஞ்சித் தண்ணீர் புகட்டுகிறார். கட்டிக்கொள்ள எருமைத் தோலைச் சுருட்டி ஒரு பொய்த் தாய் செய்து தருகிறார். மூன்று மாத அளவில் அது இறந்ததும் வருந்துகிறார். பிறகு அதன் தோலையும் எலும்பையும் பதப்படுத்தி வைத்துக்கொள்கிறார்.

இரண்டாவது, 1857-இல் ஆரு தீவு. நாகரிக மனிதன் வந்தால் இந்தச் சொர்க்கப் பறவையும் இதன் காடும் அழிந்துபோகும், உயிர்கள் யாவும் மனிதனுக்காக உண்டானவை அல்ல என்று உருகுகிறார். உயர்ந்த சிந்தனைதான். ஆனால் அந்தப் பறவையோ, அவருடைய வேலையாள் சுட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தது. இந்த முரணை அவர் அங்கே நின்று விசாரிக்கவில்லை. நூலின் பெருங்குறை இது என்பேன்.

அதற்காக நூலைத் தள்ளிவிட முடியுமா? ஆசிய உயிர்களும் ஆஸ்திரேலிய உயிர்களும் பிரியும் எல்லை பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவே ஓடுவதை நமக்குக் காட்டியவர் அவர். அதை இன்றும் வாலஸ் கோடு என்றே சொல்கிறோம். தவிர, கொன்றதை அவர் ஒளிக்கவில்லை. தம் கையாலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

உயிரியல் படிக்கிற நம் பிள்ளைகளுக்கு இந்நூலைத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஒராங்குட்டான் அத்தியாயத்தை மட்டும் விட்டுவிட்டுப் படி என்று சொல்லிவிடாதீர்கள்.