படம் வந்தது, பார்வை வரவில்லை

2005ல் பிறந்த அபெர்ச்சர் மென்பொருளைக் கைவிடுவதாக ஆப்பிள் கம்பெனி 2014ல் அறிவித்தது. 2019ல் வந்த கேட்டலினாவில் அது இயங்கவே இல்லை. பல்லாயிரம் படங்களை அதில் சேர்த்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. படம் ஒன்றும் குறையவில்லையே என்பார்கள். அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. ஆயிரத்தில் பத்துக்கு ஐந்து நட்சத்திரம் இட்டானே, அதுதான் கலைஞனின் வேலை. மற்றது காமிராவின் வேலை. புதிய ‘ஃபோட்டோஸி’ல் அந்த நட்சத்திரம் வெறும் குறிச்சொல்லாகிவிட்டது. லைட்ரூமுக்குப் போனவர்களுக்கு நட்சத்திரம் மிஞ்சியது. ஒளியையும் நிறத்தையும் சீர்செய்த திருத்தங்கள் மிஞ்சவில்லை. திருத்தம் படத்தில் இல்லை, தனிக் குறிப்பில் இருக்கிறது. அதைப் பிற மென்பொருள் படிப்பதில்லை. ஆகவே, தேர்ந்த படங்களைத் திருத்திய கோலத்திலேயே ஜேபெக் பிரதியாகவும் எடுத்து வையுங்கள். நம் ரசனையைப் பிறர் பூட்டில் வைப்பது விவேகமல்ல.