புள்ளியா, வளைவா?

டிரம் கோர் போட்டியின் முடிவை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பது, ஆகஸ்டு இரண்டாம் வாரத்தில் இண்டியானாபொலிஸ் அரங்கைவிட்டு வெளியேறும் ரசிகர்கள் ஆண்டுதோறும் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் மொழி. பித்தளை ஊதுகருவிகளும் தோற்கருவிகளும் கொடிக்குழுவும் சேர்ந்த 150 பேரளவிலான இளைஞர் அணி, அமெரிக்கக் கால்பந்துக் களத்தில் இசைத்துக்கொண்டே உருவங்கள் வரைந்து நகரும் இக்கலைக்குக் கோடைப் பருவம் முழுவதும் ஊர் ஊராக மதிப்பெண் வழங்கப்படுகிறது. அத்தனை மதிப்பெண்களும் கையில் இருந்தும் கடைசி இரவில் வரிசை புரண்டுவிடுகிறது. நடுவர்கள் சென்ற ஆண்டு வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு இடம் ஒதுக்குகிறார்கள் என்றும், பின்னால் ஆடும் அணிக்குக் கூட்டத்தின் ஆரவாரம் கைகொடுக்கிறது என்றும், அன்றிரவு யாருக்கு வாய்த்ததோ அவருக்கே வெற்றி என்றும் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. இவற்றில் எதுவும் முழுப் பொய் அன்று என்றாலும், ரசிகர்கள் இவ்வளவு வியப்படைவதற்கு உண்மையான காரணம் மிகவும் எளியது: அவர்கள் களத்தில் தவறான ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஆள் எப்போதும் ஒருவரே. உயரத்தில் வைத்த ஒளிப்பதிவுக் கருவி எடுத்த காட்சியை ஓரிடத்தில் நிறுத்தி, நீண்ட வளைவொன்றில் அரையடி முன்னே துருத்திக்கொண்டு நிற்பவரை விரலால் சுட்டி, இவரால்தான் போயிற்று என்று தீர்ப்பளிப்பது ரசிகர் உலகின் நிரந்தர வழக்கம். பெரும்பாலும் சுட்டப்படுபவர் கான்ட்ரா வாசிப்பவர், அதாவது இடத் தோளில் ஏற்றி முன்னோக்கிப் பிடிக்கப்படும், பத்துக் கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள பெரிய ஊதுகருவியைச் சுமப்பவர். எந்த அணியின் எந்த ஆண்டுக்குரிய கான்ட்ராக்காரர் என்பது இங்கு முக்கியமில்லை. எல்லா ஆண்டுகளிலும் எல்லா அணிகளிலும் அவர் ஒருவர் இருக்கிறார். அவர் செய்தது பிழையா, அல்லது சுற்றிலும் பிழை நடந்துகொண்டிருக்கும்போது அவர் மட்டும் செய்யாமல் விட்டதா என்ற கேள்வியை எழுப்புவோர் அரிது.

இக்கேள்விக்கு விடை காணப் 'புள்ளி' என்பதன் பொருள் தெளிவாக வேண்டும். களத்தில் ஐந்து யார்டுக்கு ஒரு கோடு உண்டு. ஒவ்வொரு கோட்டிலிருந்தும் அடுத்த கோட்டுக்கு எட்டு அடி வைத்து நடப்பது அடிப்படை நடை, ஆகவே ஓரடியின் நீளம் 22.5 அங்குலம். நிகழ்ச்சி முழுதும் எடுக்க வேண்டிய ஒவ்வொரு நிலைக்கும், எந்தக் கோட்டிலிருந்து பக்கவாட்டில் எத்தனை அடி, முன்பின்னாக எந்த அடையாளக் கோட்டிலிருந்து எத்தனை அடி என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முகவரி எழுதித் தரப்படுகிறது. அந்த முகவரிதான் புள்ளி. எல்லாரும் தத்தம் புள்ளியில் நின்றால் வளைவு தானாகவே அமையும். நகரும் வேகத்திலும் மூச்சின் இறுக்கத்திலும் எல்லாரும் ஒருங்கே தத்தம் புள்ளியை எட்டுவது அரிதாகவே நிகழும் என்பதால், ஒவ்வொரு நிலைக்கும் அரை நொடி முன்னதாக ஒவ்வொருவர் முன்னும் ஒரு முடிவு வந்து நிற்கிறது: அண்டை வாசிப்பவர்கள் இடம் பிசகி வந்திருக்கிறார்கள் என்று ஓரக்கண்ணில் தெரியும்போது தன் புள்ளிக்குப் போவதா, அல்லது பிசகிய அவர்களோடு ஒட்டி வளைவைக் காப்பாற்றுவதா?

மேல்தட்டில் அமர்ந்திருக்கும் நடுவருக்குப் புள்ளி தெரியாது. வளைவு மட்டுமே தெரியும். ஒருவர் அரை அடி, அதாவது பதினோரு அங்குலம் பிசகினால் வளைவு ஒடிந்தது பளிச்சென்று தெரியும். அந்தப் பதினோரு அங்குலத்தை இரு பக்கமும் உள்ள ஐந்தாறு பேர் ஆளுக்கு இரண்டு அங்குலமாகப் பகிர்ந்து வாங்கிக்கொண்டால் அது எந்தக் கண்ணுக்கும் அகப்படாமல் கரைந்துவிடும். ஆகவே ஐந்து பேர் ஊரோடு ஒத்துப்போய் இடம் மாறியிருக்க, ஆறாமவர் மட்டும் தன் முகவரியில் அசையாமல் நிற்கும்போது, களத்தில் சரியான இடத்தில் நிற்கும் ஒரே மனிதர் அவர் என்பதும், மேலிருந்து பார்ப்பவர்க்குப் பிழையாகத் தெரியும் ஒரே மனிதரும் அவரே என்பதும் ஒருங்கே உண்மையாகின்றன. கான்ட்ராக்காரருக்கு இந்த நிலை அடிக்கடி நேர்வதற்குக் காரணம் அவரது பிடிவாதம் அன்று. இடத் தோளில் அமர்ந்த கருவி அவரது இடப்பக்கப் பார்வையை மறைத்துவிடுகிறது. மற்றவர்களுக்கு இரண்டு ஓரக்கண்கள் என்றால் அவருக்கு ஒன்றே. பாதி வளைவை மட்டுமே பார்க்க முடிந்தவர், பார்த்ததை நம்புவதைவிடப் பயிற்சியில் எண்ணிப் பழகிய அடிகளை நம்புவதே அறிவுடைமை. இந்த அலசல் கான்ட்ரா வரிசையின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று யாரேனும் சொன்னால் அதை மறுப்பதற்கில்லை.

ரசிகரின் கண் ஏன் இப்படிப் பழகியது என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1980-களின் தொடக்கம் வரை இப்போட்டிகளில் 'டிக்' முறை நடைமுறையில் இருந்தது; நடுவர்கள் களத்துக்குள்ளேயே அட்டையும் பென்சிலுமாக நடந்து திரிந்து, கண்ணிலும் காதிலும் பட்ட ஒவ்வொரு பிழைக்கும் ஒரு கீறல் போட்டு, கீறலுக்குப் பத்தில் ஒரு பங்கு மதிப்பெண்ணைக் கழித்தார்கள். முழுமையிலிருந்து குறைத்துக்கொண்டே வந்த அந்த முறை கைவிடப்பட்டு, அணி எதைச் செய்ய முனைந்தது, அதை எவ்வளவு எட்டியது என்னும் இரண்டையும் எடைபோட்டு மதிப்பெண்ணை மேல்நோக்கிக் கட்டும் முறை வந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. நடுவர் மாறிவிட்டார், அரங்கத்தின் மேல்வரிசையில் இருப்பவர் மட்டும் மனத்துக்குள் இன்னும் கீறல் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கணக்கில் துருத்தி நிற்பவர் ஒரு கீறல். நடுவர் கணக்கிலோ, எட்டு எண்ணிக்கைக்குள் அந்த வளைவு தன்னைத் தானே குணப்படுத்திக்கொண்டதா என்பதே கேள்வி. குணப்படுத்திக்கொண்ட அணிக்கு அது திறமைச் சான்றாகவும் அமையலாம்.

ஒத்துப்போவதற்கு விலையும் உண்டு என்பதை வளைவின் ரசிகர்கள் மறந்துவிடக் கூடாது. இரண்டு அங்குலம் விட்டுக்கொடுத்தவர் அடுத்த நிலைக்குப் புறப்படும் இடமே மாறிவிடுகிறது; ஆகவே அடுத்த நகர்வில் அவரது ஒவ்வோர் அடியின் நீளமும் சற்றே மாற வேண்டும், அப்போதும் பழகிய அடியையே வைத்தால் பிசகு வட்டியோடு வளரும். ஒத்துப்போதல் என்பது கடன்; நல்ல அணி கடன் வாங்கும் இடத்தையும் அடைக்கும் இடத்தையும் அறிந்திருக்கிறது. இசை உச்சத்தை எட்டி, அரங்கமே ஒரே உருவத்தை உற்றுப் பார்க்கும் நொடியில் வளைவுக்காகக் கடன் வாங்கி, பின் எல்லாரும் சிதறி ஓடும் பரபரப்பில், யாரும் எவரையும் தனித்து நோக்காத வேளையில் தன் புள்ளிக்குத் திரும்பி அதை அடைப்பதுதான் கைதேர்ந்தவரின் வழி. ஒரு குழு மற்றொரு குழுவின் ஊடாகக் கடந்துபோகும் இடங்களிலோ கடனுக்கே இடமில்லை. அங்கு ஒருவர் அண்டையாரைப் பார்த்து நகர்ந்தால் எதிரே வருபவரோடு மோதிக்கொள்வார், ஆகவே அங்கு புள்ளியே கடவுள். எங்கே எது என்பதைப் பயிற்றுநர் சொல்லித் தரலாம். வாசித்துக்கொண்டே நடப்பவர்தான் அதை அரை நொடியில் தீர்க்க வேண்டும்.

களங்கள் ஒன்றுபோல் இல்லை என்பது இதை மேலும் சிக்கலாக்குகிறது. யார்டுக் கோடுகள் எங்கும் மாறாதவை. முன்பின் இடத்தை அளக்க உதவும் உள் அடையாளக் கோடுகளோ பள்ளிக் களத்தில் ஓரக் கோட்டிலிருந்து 53 அடி 4 அங்குலத்திலும், கல்லூரிக் களத்தில் 60 அடியிலும், தொழில்முறைக் களத்தில் 70 அடி 9 அங்குலத்திலும் அமைகின்றன. பக்கவாட்டு முகவரியை நம்பலாம், முன்பின் முகவரியைச் சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கை அனுபவமுள்ளவர்களிடம் ஊறியிருப்பது இதனாலேயே. வளைவு என்பது பெரும்பாலும் முன்பின் அளவால் உருவாகும் வடிவம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், புது அரங்கின் முதல் இரவில் வளைவுகள் மட்டும் ஏன் நெளிகின்றன என்பது விளங்கும்.

கண்ணுக்கு நேரும் இதே இக்கட்டு காதுக்கும் நேர்கிறது. களத்தின் அகலம் ஏறத்தாழ 49 மீட்டர். பின்னோரத்திலிருந்து முன்னோரத்துக்கு ஒலி வந்துசேர ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு பிடிக்கும். நிமிடத்துக்கு 180 தட்டு வேகத்தில் அது ஒரு தட்டின் பாதியை நெருங்கிவிடுகிறது. எனவே முன்னால் நிற்பவர் பின்னாலிருந்து வரும் முரசொலியைக் கேட்டு அதோடு சேர வேண்டும். பின்னால் நிற்பவர் முன்னாலிருந்து வருவதைக் கேட்டு வாசித்தால் அவர் தாமதமாகிவிடுவார், ஆதலால் காதை அடக்கி மேடையில் நிற்கும் நடத்துநரின் கைகளைப் பார்க்க வேண்டும். நடத்துநரோ முரசு வரிசையின் பாதங்களைப் பார்த்துக் கையசைக்கிறார். பருவத்தின் பெரும்பகுதி திறந்த வெளி அரங்குகளில் கழிகிறது. இறுதிச் சுற்று 2009 முதல் பெரும்பாலும் நடந்துவரும் இண்டியானாபொலிஸ் அரங்கோ கூரை மூடக்கூடியது. எதிரொலி திரும்பி வரும் அந்த இடத்தில் காதை நம்பிப் பழகிய அணி கலங்குவதும், கண்ணை நம்பிப் பழகிய அணி நிமிர்வதும் அதிர்ஷ்டம் என்ற தலைப்பின்கீழ் எழுதப்பட வேண்டியவை அல்ல.

இத்தனை நுண்மையும் முடிவை மாற்றுமளவுக்குப் பெரியதா என்று கேட்பவர்கள் மதிப்பெண் அமைப்பைப் பார்க்க வேண்டும். மொத்தம் நூறில் ஒட்டுமொத்த விளைவுக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. காட்சியிலும் இசையிலும் மும்மூன்று உட்பிரிவுகள் இருபதிருபதுக்கு மதிப்பிடப்பட்டுப் பின் பாதியாக்கப்படுகின்றன. அதனால் ஒரு காட்சி நடுவர் தாளில் பத்தில் ஒன்றைக் கூட்டினாலும் மொத்தத்தில் அதன் பாதிதான் சேரும். இரு நடுவர்களின் சராசரி எடுக்கப்படும் இடத்தில் அதிலும் பாதி. 1996, 1999, 2000 ஆகிய ஆண்டுகளின் இறுதிகளில் முதலிடத்தை இரண்டிரண்டு அணிகள் பகிர்ந்துகொண்டதும், 2008-இல் பருவம் முழுதும் பின்தங்கியிருந்த அணியொன்று 0.025 வேறுபாட்டில் பட்டம் வென்றதும் கூர்ந்து பின்தொடர்பவர்கள் அறிந்தவையே. ஆயிரத்தில் இருபத்தைந்து என்பது நடுவரின் மனநிலை என்று சொல்லித் தள்ளிவிடலாம்; கடைசி உருவத்தில் ஐந்து பேர் பகிர்ந்து வாங்கிக்கொண்ட பத்து அங்குலம் என்றும் சொல்லலாம்.

வரும் பருவங்களைப் பற்றிச் சிலவற்றைத் துணிந்து கூறலாம். அண்மைக்கால வடிவமைப்பு நீண்ட வளைவுகளைக் கைவிட்டு, மேடைப்பொருள்களைக் களமெங்கும் நிறுத்தி, அவற்றைச் சுற்றி ஆட்களைத் தூவிவைக்கும் பாணியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. தூவிவைத்த இடத்தில் ஒட்டிப்போவதற்கு உருவமே இல்லை, ஆகவே புள்ளி மட்டுமே போதும். துருத்தி நிற்பவர் என்று எவரையும் சுட்ட முடியாத அப்பாணி அணிகளுக்குப் பாதுகாப்பாகவும் இருக்கிறது. அழகாகவும் இருக்கிறது என்று சொல்பவர்களோடு உடன்படுவது கடினம். 22 வயதுக்கு மேற்பட்டோர் ஆட முடியாது என்ற விதியால் ஒவ்வோர் ஆண்டும் மூத்தவர்கள் வெளியேறிப் புதியவர்கள் வருகிறார்கள். ஓரக்கண்ணால் கடன் வாங்கும் கலை மூத்தவர் தோளோடு தோள் நின்று கற்றுத் தருவது, ஏட்டில் எழுதிக் கொடுப்பது அன்று. இன்னும் நான்கைந்து ஆண்டுகள் வளைவே இல்லாமல் ஆடும் அணியில் அதைக் கற்பிக்க ஆளே மிஞ்சமாட்டார். அந்த நிலையில் பழைய வகையில் நெடிய வளைவொன்றைக் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்து, அதை உடையாமல் சுழற்றிக் காட்டும் அணிக்கு நடுவர்கள் எழுந்து நிற்காத குறையாக அள்ளிக் கொடுப்பார்கள். அந்த அணி இப்போது ஐந்தாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்பதே இந்த அலசலின் கணிப்பு.

கீழ்வரிசையைப் பற்றிய கணிப்பு இன்னும் உறுதியானது. அரையிறுதிக்குச் செல்லும் 25 அணிகளில் பன்னிரண்டு மட்டுமே இறுதி இரவில் ஆடும் என்பதால், பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் இடைப்பட்ட விளிம்பே போட்டியின் மிகக் கொடிய இடம். அங்கு நிற்கும் அணிகள் அச்சத்தால் ஜூலை நடுவில் கடினமான நகர்வுகளை எளிதாக்கிவிடும், களத்தார் இதைத் 'தண்ணீர் ஊற்றுதல்' என்பர். ஊற்றாமல் விடும் அணி உள்ளே நுழையும். நிறுத்திவைத்த காட்சியில் வட்டமிட்டுக் காட்டப்படப்போகும் கான்ட்ராக்காரர் அந்த அணியில்தான் இருப்பார், மேலிருந்து பார்க்க அரையடி முன்னே, இடப்பக்கம் எதுவும் தெரியாமல், தன் அடிகளைச் சரியாக எண்ணி முடித்தவராக.