மூன்று அணாவா, பதினைந்து அணாவா?
வருமான ஏற்றத்தாழ்வை அளந்த இந்திய மரபுகள்

1963 ஆகஸ்டில், ஃபரூக்காபாத் இடைத்தேர்தலில் வென்று புதிதாக மக்களவைக்கு வந்திருந்த ராம் மனோகர் லோகியா, நாட்டில் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்று அணாவில் காலம் தள்ளுகிறார்கள் என்றார். பிரதமர் நேரு மறுத்துப் பதினைந்து அணா என்றார். திட்டப் பொறுப்பிலிருந்த குல்சாரிலால் நந்தா ஏழரை அணா என்று மூன்றாவதாக ஒரு கணக்கோடு வந்தார். நயா பைசா புழக்கத்துக்கு வந்து ஆறு ஆண்டு ஆகியும் சண்டை அணாவிலேயே நடந்தது என்பது தனி வேடிக்கை.

பதினைந்து அணா என்பது மொத்த வருமானத்தை எல்லாத் தலைகளுக்கும் சமமாக வகுத்தால் வருவது. பண்ணையாரும் பண்ணையாளும் அதில் ஒரே வரிசையில் நிற்பார்கள். லோகியா பேசியது கீழ்த்தட்டு அறுபது சதவீதத்தைப் பற்றி. ஆக, தொகையைப் பற்றிய தகராறாகத் தெரிந்தது உண்மையில் யாரை எண்ணுவது என்பதைப் பற்றிய தகராறு. இந்திய ஏற்றத்தாழ்வு ஆய்வின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வந்திருக்கிறது. அதற்கு விடை தேடிய வழிகளை மூன்று மரபுகளாகப் பிரிக்கலாம்: மாதிரிக் கணக்கெடுப்பு, வரிக் கணக்கு, ஊர்க் கணக்கு.

அளவுகோல்களைப் பற்றி முதலில் சுருக்கமாக. 1905-இல் மேக்ஸ் லோரன்ஸ் என்ற அமெரிக்கர் வரைந்த வளைகோடும், 1912-இல் இத்தாலியரான கொராடோ ஜினி தந்த குறியீடும் இன்றும் புழங்குகின்றன. எல்லாருக்கும் சம வருமானம் என்றால் ஜினி 0. எல்லாம் ஒருவர் கைக்கே போனால் 1. (சமமின்மையை அளக்கக் கருவி தந்த அதே ஜினி பின்னாளில் பாசிசத்துக்கு அறிவியல் அடிப்படை தேடிக் கட்டுரை எழுதினார்.) 1920-இல் ஹியூ டால்டன் ஒரு சோதனை வைத்தார்: பணக்காரரிடமிருந்து ஏழைக்குக் கொஞ்சம் பணம் கைமாறினால், நல்ல அளவுகோல் ஏற்றத்தாழ்வு குறைந்ததாகக் காட்ட வேண்டும். 1970-இல் ஆண்டனி அட்கின்சன் இன்னும் ஒரு படி மேலே போய், எந்த அளவுகோலுக்குள்ளும் ஒரு நியாயத் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது, அதை வெளிப்படையாக வைத்துவிடுவதே நேர்மை என்று காட்டினார். சூத்திரங்களைப் பொறுத்தவரை இவ்வளவு போதும். நம் நாட்டில் சிக்கல் சூத்திரத்தில் இருந்ததில்லை, அதற்குள் போடும் எண்ணில்தான் இருந்திருக்கிறது.

அந்த எண்ணைப் பெறுவதற்குப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் கண்ட வழி தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு. 1950-இல் தொடங்கியது. ஐந்தாண்டுத் திட்டங்களால் பெருகிய வருமானம் யார் கைக்குப் போனது என்று ஆராய 1960-இல் அமைக்கப்பட்ட குழுவுக்கும் அவரே தலைவர். இந்த மரபு தொடக்கத்திலேயே ஒரு முடிவெடுத்தது: மக்களிடம் வருமானத்தைக் கேட்பதைவிடச் செலவைக் கேட்போம். பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் இல்லாத நாட்டில் அது புத்திசாலித்தனமான முடிவுதான். இடையிடையே வருமானத்தையும் கேட்டுப் பார்த்தார்கள். சொன்ன வருமானம், செலவையும் சேமிப்பையும் கூட்டிய தொகைக்குக் கீழே நின்றது. வருமானம் கேட்கும் முயற்சி கைவிடப்பட்டது.

இம்மரபின் தரம் கேள்வி கேட்கும் முறையில் இருக்கிறது. ‘கடந்த 30 நாளில் எவ்வளவு பருப்பு வாங்கினீர்கள்?’ என்று கேட்டால் ஒரு விடை வரும். ‘கடந்த 7 நாளில்’ என்றால் வேறு விடை வரும். 1999-2000 சுற்றில் இரண்டையும் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் கேட்டார்கள். ஒரு விடை மற்றதைப் பாதித்து, அந்த ஆண்டின் வறுமைக் கணக்கு எதையும் நம்ப முடியாமல் பல ஆண்டுகள் சர்ச்சை நடந்தது. 2017-18 சுற்றின் முடிவுகளை, தரம் சரியில்லை என்று கூறி அரசே வெளியிடாமல் விட்டுவிட்டது. இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை, மேல்தட்டு இந்த வலையில் சிக்குவதில்லை என்பது. கணக்கெடுப்பாளர் எந்தக் குடிசைக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடலாம். காவலாளி நிற்கும் அடுக்ககத்துக்குள் அப்படி நுழைந்துவிட முடியாது.

மேல்தட்டைப் பிடிக்க வந்ததே வரிக் கணக்கு மரபு. 1922 வருமான வரிச் சட்டத்துக்குப் பிறகு, எத்தனை பேர் எவ்வளவு வருமானம் காட்டினார்கள் என்ற அட்டவணைகள் ஆண்டுதோறும் வந்தன. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் தாமஸ் பிக்கெட்டியும் 2005-இல் அவற்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். பிறகு லூக்கா சான்செல் சேர்ந்தார். 1980களின் தொடக்கத்தில் மொத்த வருமானத்தில் சுமார் 6 சதவீதம் பெற்ற உச்சி ஒரு சதவீதத்தினர், 2022-23-இல் 22.6 சதவீதம் பெற்றார்கள் என்பது பிக்கெட்டி, சான்செல் உள்ளிட்டோரின் 2024 மதிப்பீடு. இதில் ஓட்டைகள் உண்டு. வேளாண் வருமானத்துக்கு மத்திய வரி இல்லை. வரி கட்டுவோர் சிறுபான்மை. அட்டவணைகளே 1990களின் இறுதியில் நின்று 2016-இல்தான் மறுபடி வந்தன. இடைவெளிகளை அனுமானங்களால் அடைக்கிறார்கள். ஆனால் இந்த ஓட்டைகளைக் காட்டி உச்சியில் ஒன்றும் நடக்கவில்லை என்று வாதிடுவோர், அதற்குத் தங்கள் பக்கத்திலிருந்து ஒரு கணக்கும் காட்டுவதில்லை.

மூன்றாவது மரபுக்கு நம் மண்ணில் வேர் உண்டு என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து அவரவர் ஊருக்கு அனுப்பினார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், தஞ்சையின் பாலக்குறிச்சி, வட ஆர்க்காட்டின் தூசி, ராமநாதபுரத்து வடமலைபுரம் முதலான ஊர்களின் கணக்கு 1918-இல் நூலாயிற்று. அன்று கல்லூரி வாசலை மிதித்தவர் எந்தத் தெருப் பிள்ளையாக இருந்திருப்பார் என்பதை மனத்தில் வைத்தே அந்நூலைப் படிக்க வேண்டும். இருந்தும் படியாள் முறை அதில் பதிவாகியிருக்கிறது: கல்யாணத்துக்கு வாங்கிய சிறு கடனுக்காக மிராசுதாரிடம் கட்டுண்டு, படி நெல்லுக்கு உழைத்து, கடனை மகனுக்கும் விட்டுப் போகிற வாழ்க்கை. வருமான அட்டவணையில் அந்த நெல் ஓர் எண்ணாக ஏறிவிடும். வேறு இடத்தில் கூடக் கூலி கிடைத்தாலும் அவர் போக முடியாது என்பதை அட்டவணையில் எங்கே எழுதுவது?

அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போனதே இம்மரபின் பலம். 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் போனார்கள். இருவேல்பட்டுக்கு 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும், 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரும் போனார்கள். ஒரு பெருநிலக்கிழார் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊரில் அந்தப் பிடி தளர்ந்துவிட்டதையும், தலித் மக்கள் வெளிவேலைகளுக்குப் போய் நிமிர்ந்திருப்பதையும், ஆனால் நிலம் பெரும்பாலும் அவர்கள் கைக்கு வராததையும் சேர்த்தே பார்க்க முடிந்தது அதனால்தான். உத்தரப் பிரதேசத்தின் பாலன்பூருக்கும் 1957-58 முதல் இப்படித் தலைமுறை தலைமுறையாக ஆய்வாளர்கள் போகிறார்கள்.

ஊர்க் கணக்கின் தரம் பொறுமையில் இருக்கிறது. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அரை ஏக்கர் வாரத்துக்கு, ஒரு கறவை மாடு, இரண்டு வெள்ளாடு, நூறு நாள் வேலை அட்டை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் மகன். ‘மாச வருமானம் எவ்வளவும்மா?’ என்று கேட்டால், ‘மாசக் கணக்கு ஏது சாமி, வந்தா வரும்’ என்றுதான் பதில் வரும். அதனால் பயிர் பயிராகக் கேட்க வேண்டும். எத்தனை மூட்டை விளைந்தது, நிலக்காரருக்கு எத்தனை, அறுத்தவர்களுக்கு எத்தனை, வீட்டுக்கு எத்தனை? வீட்டுக்கு வைத்த நெல்லுக்குக் களத்து விலை போடுவதா, ஆடியில் கடையில் விற்கும் விலை போடுவதா? வைக்கோல் வயலுக்கு வரவு. அதே வைக்கோல் மாட்டுக்குச் செலவு. சொசைட்டிக்கு ஊற்றிய பால் எழுதிவிடலாம், பேரனுக்குக் கொடுத்த பால்? எல்லாம் கூட்டிக் கழித்தால், மழை பொய்த்த ஆண்டில் அந்த வீட்டின் சாகுபடி வருமானம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். செலவுக் கணக்கிலோ அதே வீடு அந்த ஆண்டும் வழக்கம்போல் தெரியும். கைமாற்று வாங்கியும் நகையை அடகு வைத்தும் சாப்பிட்டிருப்பார்கள். ரேஷன் அரிசி அடுப்பை அணையாமல் காத்திருக்கும்.

செலவை வைத்து அளந்தால் ஏற்றத்தாழ்வு ஏன் சிறியதாகத் தெரிகிறது என்பதற்கு இதுவே விளக்கம். இல்லாதவர் கடன் வாங்கியாவது செலவழிக்கிறார். இருப்பவர் வருமானத்தில் பெரும்பகுதியைச் செலவழிப்பதே இல்லை. 2025 ஜூலையில், செலவு அடிப்படையில் கிடைத்த 0.255 என்ற ஜினியைக் கொண்டு இந்தியா உலகிலேயே நான்காவது சமத்துவ நாடு என்று மத்திய அரசின் குறிப்பு அறிவித்தது. அந்த எண்ணைத் தந்த உலக வங்கிக் குறிப்பிலேயே, தரவுக் குறைகளால் ஏற்றத்தாழ்வு குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கையும், வருமான ஜினி 0.62-ஐத் தொட்டிருப்பதாக மற்றொரு மதிப்பீடும் இருந்தன. பல நாடுகள் வருமானத்தை அளக்கின்றன. நாம் செலவை அளந்துகொண்டு அவர்களோடு பந்தியில் உட்கார்ந்தோம். லோகியா இருந்திருந்தால் இன்னொரு விவாதம் நடந்திருக்கும்.

ஊர்க் கணக்கை நான் உயர்த்திப் பேசுவதால் அது மற்ற இரண்டுக்கும் மாற்று என்று சொல்வதாகக் கொள்ள வேண்டாம். ஐந்து ஊரை வைத்து நாட்டைச் சொல்ல முடியாது. கோடீஸ்வரர் எந்த ஊர்க் கணக்கிலும் வரமாட்டார். இன்று வருமானம் திருப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருவதால் ‘ஊர்’ என்ற அலகே கரைந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் யார் யாரிடம் கட்டுண்டு கிடந்தார், எப்போது விடுபட்டார் என்பதைச் சொல்ல வேறு மரபு நம்மிடம் இல்லை.

வீட்டு வருமானத்துக்கென்றே நாடு தழுவிய முதல் அரசுக் கணக்கெடுப்பை 2026-இல் நடத்துவதாகத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் அறிவித்தது. பொருளியலாளர் சுர்ஜித் பல்லா தலைமையில் வல்லுநர் குழுவும் அமைந்தது. முன்சோதனையில் பெரும்பாலோர் வருமானக் கேள்விகளைக் கூச்சமளிப்பவையாகவே கருதினார்கள். இந்தக் கணக்கு தேறுமா என்று பார்க்க எனக்கு மூன்று சோதனைகள் போதும். வீட்டுக்கு வைத்த நெல்லுக்கு என்ன விலை போட்டார்கள்? மாநகரங்களின் பணக்காரப் பகுதிகளில் எத்தனை வீடுகள் பதில் தர மறுத்தன என்பதை அறிக்கையில் அச்சிட்டார்களா? பக்கத்தில் வைத்து ஒப்பிட, அதே ஆண்டின் வருமான வரி அட்டவணையை முழுதாக வெளியிட்டார்களா?