கால் கொடுக்கும் குதிரை

லாட ஆணி குளம்புக்குள் ஏறும்போது சுத்தியலின் சத்தம் மாறும். முதல் சில அடிகள் மந்தமாக விழும். ஆணி கெட்டியான ஓட்டைப் பிடித்ததும் சத்தம் இறுகி, ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் மேலேறும். சத்தம் இறுகாமல் மெத்தென்றே போனால் லாடக்காரரின் கை அந்தரத்தில் நின்றுவிடும். ஆணி உயிருள்ள சதையை நோக்கித் திரும்பிவிட்டது என்று அவர் காது சொல்லிவிட்டது. குறட்டால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு ஆணியை எடுப்பார். இத்தனையும் நடந்து முடியும்வரை குதிரை மூன்று காலில் நின்றுகொண்டு, நாலாவது காலை அவர் தொடைமேல் ஒப்படைத்திருக்கும்.

காட்டாங்குளத்தூரில், ஜி.எஸ்.டி. சாலையின் லாரி இரைச்சல் காதில் விழுகிற தூரத்தில், ஒரு தென்னந்தோப்புக்குள் நாலு குதிரைகள் கட்டிய சின்ன லாயம் இருக்கிறது. எனக்குக் குதிரை ஏறத் தெரியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வருகிற ஞாயிற்றுக்கிழமையில், நல்ல கச்சேரிக்குப் போகிறவன் முன்வரிசை பிடிப்பதுபோல, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

மாட்டுக்கு லாடம் அடிப்பதைச் சிறுவயதில் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். கயிறு போட்டு மாட்டைச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஒரு குளம்புக்கு இரண்டு தகடாக அடிப்பார்கள். குதிரையை அப்படிச் சாய்ப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே தடவி, "கால் கொடு" என்றால் அதுவாகத் தூக்கிக் கொடுக்க வேண்டும். ஆபத்தென்றால் ஓடிப் பிழைக்கிற பிராணி, தன் ஆயுதமான காலை ஒரு மனிதரின் கையில் தருகிறது. அந்த இணக்கம் குட்டியிலிருந்து தினமும் காலைத் தொட்டுத் தொட்டுப் பழக்கியதால் வருவது. லாடக்காரரின் வேலை பாதி என்றால், மீதி லாயத்தில் இருக்கும் குதிரைக்காரருடையது.

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலில்தான் நிற்கிறது. நமக்கு நடுவிரல் எதுவோ அதுதான் அதன் கால். குளம்பு அந்த விரலின் நகம். நானூறு கிலோ உடம்பு நாலு நகத்தின்மேல் நிற்கிறது, அதிலும் ஐந்தில் மூன்று பங்கு முன்னங்கால்களில். அதனால்தான் முன்குளம்பு வட்டமாக விரிந்திருக்கும். பின்குளம்பு நுனி கொஞ்சம் கூர்ந்திருக்கும். புரட்டிப் பார்த்தால் நடுவில் முக்கோணமாக, ரப்பர்போல ஒரு திண்டு. குதிரை காலை ஊன்றும்போது குதிகால் விரிந்து, இந்தத் திண்டும் உள்ளிருக்கும் மெத்தையும் அழுந்தி, இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. நடக்காமல் கட்டியே கிடக்கும் குதிரைக்குக் கால் வீங்குவது இதனால்தான்.

நகம் என்பதால் அது வளர்ந்துகொண்டே இருக்கும், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். லாடம் அடித்த குளம்பு தரையில் தேய வழியில்லை. ஆறு வாரம் தாண்டினால் முனை நீண்டு, சாய்வு மாறி, பின்னாலிருக்கும் தசைநார்கள் இழுபடும். லாடக்காரர் அந்த வளர்ச்சியை அரத்தால் எடுக்கும்போது ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். அதற்கு வெளியே இருப்பது செத்த ஓடு, உள்ளே உயிர். ஆணி போக வேண்டியது வெளியே மட்டும். லாட ஆணியின் நுனி ஒரு பக்கம் சரித்துச் செய்யப்பட்டிருப்பதால், அடிக்க அடிக்க அது வெளிப்பக்கமாக வளைந்து ஓட்டில் எட்டிப் பார்க்கும். பார்த்த கணமே அதை முறுக்கி ஒடிக்க வேண்டும். குதிரை காலை உதறினால் அந்த முனை லாடக்காரரின் தொடையைக் கிழித்துவிடும். குளம்பின் அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணியே கூடாது. அங்கே அடித்தால் குதிகால் விரியாது. எல்லாம் முடிந்து, மடக்கிய ஆணி முனைகள் ஓட்டின்மேல் ஒரே உயரத்தில் ஒரு வரிசையாக அமைந்திருப்பதைப் பார்க்கும்போது கை தேர்ந்த தட்டான் முடித்துக் கொடுத்த நகையைப் பார்க்கிற நிறைவு.

இந்தக் கை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நம் மண்ணே ஒருமுறை பார்த்திருக்கிறது. 1290களில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் வணிகர் மார்க்கோ போலோ எழுதிவைத்த செய்தி இது. ஹார்மூஸ், ஏடன் போன்ற துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் வருகின்றன. அரசர் ஆண்டுக்கு 2000 குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை, லாடக்காரர்கள் இல்லை. குதிரை விற்கும் வணிகர்கள் லாடக்காரர்களை இங்கே வரவே விடுவதில்லை, குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம் என்கிறார். தீவனமாகச் சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் கொடுத்தார்களாம். எண்ணிக்கையைப் போலோ கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் வேகவைத்த தீவனத்தைப் பற்றி இதே மாதிரிதான் எழுதுகிறார். குதிரைகளுக்காகக் கஜானாவைத் திறந்த நாடு, குதிரையின் காலடியில் குந்தி உட்காரும் ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ளவில்லை. மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதை நமக்கு மனப்பாடம். பாண்டியர்கள் நிஜமாகவே வாங்கிய குதிரைகள் என்ன ஆயின என்ற கதையைத்தான் நாம் சொல்லிக்கொள்ளவில்லை.

தீவன விஷயத்தில் இன்றைக்கும் ஒரு தவறு இந்தப் பக்கத்தில் எளிதாக நடக்கக்கூடியது. காட்டாங்குளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாடு, ஆடு வளர்ப்போருக்குப் பழக்கமான இடம். கோ-4 மாதிரியான கம்பு நேப்பியர் புல்லை இந்த வட்டாரத்தில் வரப்போரம்கூடக் காணலாம். மாட்டுக்கு அது வரம். அதையே குதிரைக்கும் வெட்டிப் போட்டு, கூடவே தவிட்டையும் அள்ளி வைத்தால் வினை. நேப்பியரில் இருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தவிட்டின் மிதமிஞ்சிய பாஸ்பரஸ் அதை இன்னும் குறைக்கிறது. உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவத் தொடங்கும். மாதக்கணக்கில் போனால் முகத்து எலும்பு புடைக்கும், காரணம் தெரியாமல் நொண்டும். நம் முன்னோர் சுண்ணாம்புச் சத்து நிறைந்த ஒரு தீவனப் பயிருக்குக் குதிரைமசால் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அருகம்புல்லே முதல் உணவு, ஓர் அளவு குதிரைமசால், வேலை செய்கிற குதிரைக்கு வேகவைத்த கொள்ளு கொஞ்சம். நானூறு கிலோ குதிரைக்குக் காய்ந்த கணக்கில் நாளைக்கு ஆறு முதல் எட்டு கிலோ புல் வேண்டும், அதுவும் பல வேளையாக. அவ்வளவு பெரிய உடம்புக்கு அதன் இரைப்பை சின்னது. உண்டதை வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. உள்ளே போனது பின்வழியாகத்தான் போயாக வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றுவலி.

அந்த வலியைத்தான் குதிரை வைத்திருப்பவர்கள் எமனாக நினைக்கிறார்கள். சாணி குறைவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்னங்காலால் தரையைப் பறிப்பது, படுத்துப் புரள்வது. இரவு இரண்டு மணிக்குக் காட்டாங்குளத்தூரிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு வண்டி பிடிப்பது சுலபமான காரியம் இல்லை. ஆகவே தன் குதிரையின் வழக்கமான கணக்கு குதிரைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் சூடு 99 முதல் 101 ஃபாரன்ஹீட். ஈறை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். டாக்டருக்குப் போன் செய்யும்போது "குதிரைக்கு உடம்பு சரியில்லை" என்பதற்கும் "நாடி அறுபது அடிக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது" என்பதற்கும் இடையே ஒரு உயிர் நிற்கிறது.

நம் புழுக்கம் தனிச் சங்கடம். குதிரை நம்மைப் போலவே வியர்வையால் உடம்பைக் குளிரவைக்கும் பிராணி. கடற்கரை மாவட்டத்தின் ஈரக்காற்றில் அந்த வியர்வை காய்வதில்லை. வெயிலில் வேலை வாங்கிக்கொண்டே இருந்தால் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். மேல்தோல் வறண்டு, மூச்சு மட்டும் இரைக்கும். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். தண்ணீரை ஊற்றி, வழித்து, மறுபடி ஊற்ற வேண்டும். நக்க உப்புக்கட்டி, வாளி நிறையத் தண்ணீர். சாதாரண நாளிலேயே முப்பது லிட்டர் வரை குடிக்கும், கோடையில் அதுவும் போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சங்கடம் காலுக்கு இறங்கும். சேற்றில் நிற்கும் குளம்பின் திண்டோரப் பள்ளங்கள் அழுகிக் கறுத்து நாறும். அந்த நாற்றம் ஒருமுறை மூக்கில் பட்டவர் மறக்கமாட்டார்.

டெட்டனஸ், வெறிநோய் தடுப்பூசிகளை டாக்டர் சொல்லும் தேதியில் போட்டுவிட வேண்டும். துருப்பிடித்த ஒரு ஆணி போதும் டெட்டனஸுக்கு. குதிரை அந்த நோய்க்கு மிக எளிதில் இரையாகிற பிராணி.

நான் ரசிக்கிற இன்னொரு காட்சி மாலிஷ், அதாவது குதிரையைத் தேய்த்துவிடுவது. பார்ப்பவருக்கு அழகுபடுத்துவதுபோலத் தோன்றும். தோப்பு லாயத்துக் குதிரைக்காரர் பிரஷை ஒரு கையில் ஓட்டும்போது மறு கை வெறுங்கையாகப் பின்னாலேயே போகும். கழுத்தில் தொடங்கி, முதுகு, விலா, வயிற்றடி, கடைசியில் கால்கள். சேணம் உராய்ந்த இடத்தில் ஒரு சின்னச் சூடு, முடிக்குள் மறைந்த உண்ணி, நேற்று இல்லாத வீக்கம், எல்லாவற்றையும் அந்த வெறுங்கைதான் படிக்கிறது. கணுக்காலுக்குப் பின்னால் விரல் வைத்து ஒரு நிமிடம் நிற்பார். அங்கே நாடி துள்ளினால் குளம்புக்குள் அழற்சி. குதிரை நொண்டத் தொடங்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே குதிரை வாங்க வருகிறவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள். நெற்றிச்சுழி எங்கே, கழுத்துச்சுழி எந்தப் பக்கம் என்று மணிக்கணக்கில் பேச்சு நடக்கும். பிறகு பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள். நிறத்துக்கு விலை ஏறும். நாலு காலையும் தூக்கச் சொல்லி அடியைப் பார்ப்பவர்தான் என் கணக்கில் குதிரை தெரிந்தவர்.

நம் புறநகரில் குதிரை வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லாடக்காரர் வரும் நாளில் சாவியையும் பணத்தையும் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். கூட நில்லுங்கள், பிள்ளைகளையும் நிறுத்துங்கள். வெள்ளைக் கோடு எது என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். மறுநாளிலிருந்து நீங்களே தினமும் நாலு காலையும் தூக்கிச் சுத்தம் செய்து பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.