லேப்பா, வீட்டு பிரிண்டரா? போட்டோ பிரிண்ட் போட எது நல்லது

ஒரு பிரிண்ட் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்க்க என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல்தான். படத்தில் இருப்பவரின் முகம் நேரில் இருக்கும் நிறத்திலேயே தாளிலும் இருக்கிறதா? வானம் கொஞ்சம் கூடுதல் நீலமானால் யாரும் கவலைப்படப் போவதில்லை. வயல் சற்று மஞ்சளடித்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும். கருத்த முகம் வெளிறியோ சாம்பல் பூத்தோ வந்தால் மட்டும், இது நம் வீட்டு ஆள் இல்லை என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, நமக்குக் கைக்கெட்டும் மூன்று வழிகளைச் சோதித்தேன். கலர் லேப்பில் போடும் கெமிக்கல் பிரிண்ட், டை சப்ளிமேஷன் முறையில் இயங்கும் கேனான் செல்ஃபி சிபி1500, ஆறு கலர் இங்க் டேங்க் பிரிண்டரான எப்சன் எல்8050. மூன்றுக்கும் கொடுத்தது ஒரே படங்கள். முதலாவது, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு பாட்டியின் படம். நல்ல கருத்த நிறம், அரக்குச் சிவப்பில் காஞ்சிபுரம் பட்டு, சரிகைக் கரை. இரண்டாவது, இரவில் சுவாமி புறப்பாடு. பாதிப் படம் இருட்டு, பாதி விளக்கு. மூன்றாவது, பழைய கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்தின் ஸ்கேன். முதல் படத்தில் தோல் நிறமும் சிவப்பும், இரண்டாவதில் இருட்டுக்குள் இருக்கும் விவரங்கள், மூன்றாவதில் சாம்பல் நிறம் சாம்பலாகவே நிற்கிறதா என்பது. இவைதான் தேர்வு.

மெஷினுக்கு முன்னால் ஃபைல்

பிரிண்ட் மோசமாக வருவதற்குப் பாதிக் காரணம் நாம் கொடுக்கும் ஃபைல்தான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சலை ஒட்டித்தான் இருக்கும். அதை 4×6 அங்குலத்தில் போட்டால் அங்குலத்துக்கு 266 புள்ளி கிடைக்கும், தப்பித்துக்கொள்ளலாம். அதே படத்தை 8×12 போட்டால் 133தான். கண் இமையும் புடவைச் சரிகையும் குழைந்துவிடும். படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென் டிரைவில் வாங்குங்கள். 12 மெகாபிக்சல் போனில் எடுத்த அசல் ஃபைல் சுமார் 4000×3000 பிக்சல். 12×16 அங்குலம் வரை அது தைரியமாகத் தாங்கும்.

அடுத்து, அளவு. போன் படம் 4:3 விகிதம், 4×6 தாள் 3:2 விகிதம். தாள் முழுக்கப் படம் நிரம்ப வேண்டுமென்றால் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவோ, கோபுரத்தின் கலசமோ காணாமல் போவது இப்படித்தான். போன் படத்துக்கு 6×8 அல்லது 12×16 கேளுங்கள், விகிதம் அப்படியே பொருந்தும். 4×6தான் வேண்டுமென்றால் எங்கே வெட்டுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, வெட்டிய படத்தைக் கொடுங்கள்.

மூன்றாவது, நிற வரம்பு. ஐபோன் போன்றவை டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிற வரம்பில் படத்தைச் சேமிக்கின்றன. பெரும்பாலான லேப்கள் எதிர்பார்ப்பது எஸ்ஆர்ஜிபி. மாற்றாமல் கொடுத்தால் நிறம் செத்துப்போய் வரும் வாய்ப்பு உண்டு. எஸ்ஆர்ஜிபி ஜேபெக்காக மாற்றிக் கொடுப்பது பாதுகாப்பு. கூடவே, படத்தைத் திருத்தும்போது திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். முழு வெளிச்சத்தில் பளிச்சென்று இருக்கும் படம் தாளில் இருண்டு வருவது வாடிக்கை, ஏனென்றால் தாளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது.

கலர் லேப்: இன்னும் முதலிடம்

லேப்பின் கெமிக்கல் பிரிண்டில் இங்க் என்பதே இல்லை. சில்வர் ஹாலைடு பூசிய தாள்மீது சிவப்பு, பச்சை, நீல லேசர் படத்தை எழுதுகிறது. பிறகு தாள் டெவலப்பர், பிளீச் ஃபிக்ஸ், கழுவும் தொட்டி என்று வரிசையாக இறங்கிக் காய்ந்து வெளியே வருகிறது. நிறம் தாளுக்குள்ளேயே உருவாவதால் புள்ளி தெரியாது. பாட்டியின் கன்னத்தில் வெளிச்சம் நிழலாக மாறும் இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத அளவுக்கு வழுவழுப்பு. மற்ற இரண்டும் இதற்குப் பக்கத்தில் வருகின்றன, இதைத் தாண்டவில்லை.

ஆனால் லேப்பில் மெஷினைவிட முக்கியம், அதன் முன்னால் நடக்கும் 'கரெக்‌ஷன்'. முதல் முறை எதுவும் சொல்லாமல் ஃபைலைக் கொடுத்தேன். பாட்டியின் முகம் வெளுத்து, நெற்றிக் குங்குமம் ஆரஞ்சாகி, பட்டின் மடிப்புகள் கரைந்து வந்தன. இருட்டுப் பின்னணியில் கருத்த முகம் இருந்தால், படமே இருண்டுவிட்டது என்று சாஃப்ட்வேர் எடுத்துக்கொண்டு வெளிச்சத்தைத் தூக்கிவிடுகிறது. ஆபரேட்டரும் நல்லெண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தூக்குகிறார். அதே ஃபைலை மறுபடி நீட்டி, "கரெக்‌ஷன் எதுவும் வேண்டாம், அப்படியே போடுங்கண்ணே" என்றேன். "டார்க்கா வருமே, பரவாயில்லையா?" என்று கேட்டார். "அவங்க நிறமே அதுதாங்க" என்றதும் தலையசைத்துவிட்டுப் போட்டார். இரண்டாவது பிரிண்டில் பாட்டி பாட்டியாகவே இருந்தார். முகத்தின் பளபளப்பும் சுருக்கங்களின் ஆழமும் மூக்குத்திக் கல்லின் வெளிச்சமும் திரும்பக் கிடைத்தன.

இந்தச் சிக்கலுக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரிண்ட் மெஷினின் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் லேப்களுக்கு 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படத்தைப் பல பத்தாண்டுகள் அனுப்பிவந்தது. அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று மெஷினை அமைத்தார்கள். பல நிற முகங்கள் கொண்ட கார்டு 1990களில்தான் வந்தது. இன்றைய மெஷின்களில் கருத்த தோலை அருமையாக அச்சிடும் திறன் இருக்கிறது. வெளுப்பதுதான் அழகு என்ற நினைப்பு மட்டும் இன்னும் கரெக்‌ஷன் பட்டனில் உட்கார்ந்திருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லும் உரிமை காசு கொடுக்கும் நமக்கு இருக்கிறது. தயங்காமல் சொல்ல வேண்டும்.

லேப்பைத் தேர்ந்தெடுக்கச் சில வழிகள். தாளைத் திருப்பிப் பாருங்கள். ஃபியூஜி கிரிஸ்டல் ஆர்க்கைவ் போன்ற தாள் என்றால் பின்பக்கம் பெயர் மங்கலாக அச்சாகியிருக்கும். கெமிக்கல் பிரிண்டா, டிரை பிரிண்டா என்று கேளுங்கள். டிரை லேப் என்பது பெரிய இங்க்ஜெட்தான். அது மட்டம் என்று அர்த்தமில்லை, எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலை நிறைய வரும் லேப்புக்குப் போங்கள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தால்தான் கெமிக்கல் புதுசாக இருக்கும். தேங்கிய கெமிக்கலில் வெள்ளை மஞ்சளடிக்கும், கறுப்பு வலுவிழக்கும். 12×18 போடுவதற்கு முன் அதே ஃபைலில் ஒரு 4×6 போட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். டியூப் லைட்டின் கீழ் நிறத்தை முடிவு செய்யாதீர்கள்.

லேப்பின் பலவீனம் கறுப்பு வெள்ளை. கலர்த் தாளில் போடுவதால், கொஞ்சம் பிசகினாலும் சாம்பலில் பச்சையோ ஊதாவோ ஏறிவிடும். கல்யாணப் படத்தில் வேட்டியின் நிழல்களைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

செல்ஃபி சிபி1500: வீட்டுக்கு ஏற்ற சின்ன மெஷின்

கேனான் 2022இல் கொண்டுவந்த இந்த மெஷின் மேசை மூலையில் அடங்கிவிடும். போனிலிருந்து வைஃபை வழியாகவோ, எஸ்டி கார்டிலிருந்தோ படத்தை எடுத்துக்கொள்ளும். தாள் அளவு 100×148 மில்லிமீட்டர், அதாவது போஸ்ட்கார்டு. அதைவிடப் பெரிதாகப் போட முடியாது.

இது அச்சிடுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்ல பாடம். தாள் நான்கு முறை உள்ளே போய் வெளியே வரும். முதல் முறை வெறும் மஞ்சளில் பாட்டியின் உருவம். இரண்டாவது முறை மெஜந்தா ஏறியதும் மொத்தப் படமும் செக்கச் சிவந்துவிடும். மூன்றாவது முறை சயான் வந்து சேர்ந்ததும் கூந்தல் கறுத்து, தோல் தன் நிறத்துக்கு வரும். நான்காவது முறை நிறமில்லாத ஒரு மேல்பூச்சு. ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். தெர்மல் ஹெட்டின் சூட்டில் ரிப்பனில் உள்ள சாயம் ஆவியாகித் தாளுக்குள் இறங்குவதால் இதிலும் இங்க்ஜெட் புள்ளி கிடையாது. மேல்பூச்சு இருப்பதால் விரல் ரேகையும் தண்ணீரும் லேசில் பாதிக்காது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய நிம்மதி.

தோல் நிறம் நம்பிக்கையாக வந்தது. தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டுப் போட்டதுதான் அதற்குக் காரணம், நீங்களும் அணைத்துவிடுங்கள்.

செலவுக் கணக்கு எளிது. ஒரு பேக்கில் 108 தாளும் அதற்கேற்ற ரிப்பனும் இருக்கும். பேக் விலையை 108ஆல் வகுத்தால் ஒரு படத்தின் விலை. படம் இருட்டோ வெளிச்சமோ, ஒரு தாளுக்கு ஒரே அளவு ரிப்பன்தான் செலவாகும். லேப் விலையைவிட இது கூடுதல். மாதக்கணக்கில் தொடாமல் வைத்தாலும் காய்ந்துபோக இங்க் இல்லை என்பது அதை ஈடுகட்டும் லாபம்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. தூசி ஒட்டிய தாள் வெள்ளைப் புள்ளியோடு வரும், ஆகவே தாளை ஓரத்தில் மட்டும் பிடித்து வையுங்கள். தீர்ந்துபோன ரிப்பனை இழுத்துப் பார்த்தால், நீங்கள் போட்ட ஒவ்வொரு படமும் அதில் நிறம் நிறமாகப் பதிந்திருக்கும். ஆதார் அட்டையோ குடும்பப் படமோ அச்சிட்டிருந்தால், ரிப்பனை நறுக்கிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

எப்சன் எல்8050: தினமும் பிரிண்ட் போடுபவர்களுக்கு

வீட்டுப் பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்கு வாங்கும் நாலு கலர் இங்க் டேங்க் பிரிண்டரிலும் போட்டோ வரும். ஆனால் நெற்றி, கன்னம் போன்ற வெளிச்சமான இடங்களில் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெளிர் நிறத்தைக் காட்ட, அடர்த்தியான இங்க்கைத் தள்ளித் தள்ளித் தெளிக்க வேண்டியிருப்பதுதான் காரணம். எல்8050இல் வெளிர் சயான், வெளிர் மெஜந்தா என்று இரண்டு இங்க் கூடுதலாக இருப்பதால் அந்த இடங்கள் நிரம்பி வருகின்றன. ஏ4 வரை ஓரமில்லாமல் போடலாம். இரவுப் படத்தில் தீவட்டிப் புகைக்குப் பின்னால் நின்ற கூட்டத்தின் முகங்களைக்கூட எண்ண முடிந்தது.

இந்தத் தரம் தாளைப் பொறுத்தது. ஸ்டேஷனரிக் கடையில் மலிவாகக் கிடைக்கும் 180 ஜிஎஸ்எம் பளபளத் தாளும், பிளாஸ்டிக் பூச்சு கொண்ட 250 ஜிஎஸ்எம்மை ஒட்டிய போட்டோ தாளும் ஒன்றல்ல. பிரிண்ட் கொடுக்கும்போது பேப்பர் டைப்பைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாத் தாள் என்று விட்டுவிட்டால் எந்த பிரிண்டரும் சோதாவாகத்தான் போடும். அச்சான தாளை ஒரு நாள் காயவிட்டு, பிறகு ஃபிரேம் போடுங்கள்.

இங்க்ஜெட் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சும்மா இருந்தால் நாசில் அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு கலர்ப் படமாவது போட வேண்டும். ஹெட் கிளீனிங் செய்யும்போதெல்லாம் இங்க் வீணாகும். வருஷத்துக்குப் பத்து இருபது படம் போடுபவருக்கு இது சரிப்பட்டு வராது. கறுப்பு வெள்ளையில் அக்கறை அதிகம் என்றால், சாம்பல் இங்க் தனியாக உள்ள கேனான் ஜி570ஐயும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கண்காட்சிக்கோ விற்பனைக்கோ போடுபவர்களுக்கு எப்சன் பி700, கேனான் ப்ரோ 300 போன்ற பிக்மென்ட் பிரிண்டர்கள் இருக்கின்றன. இரண்டிலும் தலா பத்து இங்க். விலையும் அதற்கேற்றது. ஒன்றிரண்டு படத்துக்காக இவற்றை வாங்குவதைவிட, இவற்றை வைத்திருக்கும் பிரிண்ட் ஸ்டூடியோவில் கொடுப்பது நல்லது.

எத்தனை வருஷம் தாங்கும்?

1970களின் கலர்ப் படங்கள் பல வீடுகளில் செம்பழுப்பாகிக் கிடப்பதற்குக் காரணம், அன்றைய தாள்களில் சயான் சாயம் இருட்டில் வைத்தாலும் மங்கியதுதான். இன்றைய லேப் தாள் அதைவிடப் பலமடங்கு உறுதியானது. செல்ஃபி பிரிண்ட் ஆல்பத்தில் 100 வருஷம் வரை தாங்கும் என்கிறது கேனான். சாய இங்க்கில் போட்டவற்றுக்கு வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் எதிரிகள், கண்ணாடிக்குள் வைத்தால் ஆயுள் கூடும். பிக்மென்ட் இங்க் இன்னும் நீடிக்கும். மலிவான மாற்று இங்க் சேமிப்பது பணம், இழப்பது படம்.

நம் ஊர் ஈரக்காற்றில் லேப் பிரிண்ட் கண்ணாடியோடு நேராக ஒட்டினால், பிறகு பிரிக்கவே முடியாது. நடுவில் மவுன்ட் போர்டு வைக்கச் சொல்லுங்கள். பசை தடவிய பக்கங்கள் கொண்ட ஆல்பத்தையும் பிவிசி உறைகளையும் தவிருங்கள். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள்.

யாருக்கு எது?

பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை லேப்தான். ஒரு படத்துக்கான விலை குறைவு, தரம் அதிகம், பெரிய அளவும் கிடைக்கும். அசல் ஃபைல், பொருந்தும் அளவு, 'கரெக்‌ஷன் வேண்டாம்' என்ற ஒரு வாக்கியம் மூன்றும் இருந்தால் போதும். பிறந்தநாள், விசேஷம் என்று வீட்டிலேயே உடனுக்குடன் போட்டுக் கையில் கொடுக்க நினைப்பவர்கள் செல்ஃபி வாங்கலாம். வாரந்தோறும் ஏ4 வரை அச்சிடும் வேலையும், தாளையும் நிறத்தையும் கற்றுக்கொள்ளும் பொறுமையும் இருந்தால் மட்டும் எல்8050.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், போனில் கிடக்கும் ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து இந்த மாதம் ஐந்தைப் பொறுக்குங்கள். வீட்டில் மூத்தவர்களின் படத்தில் தொடங்குங்கள். பிரிண்ட் வந்ததும் அவர்கள் கையில் கொடுத்து, நிறம் சரியாக இருக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள்.