கேட்பதும் கேட்பதும்

எபிரேய வேதாகமம் கீழ்ப்படிதலின் பிரதி என்று சொல்லி நம் நண்பர்கள் பலர் சுலபமாக ஒதுக்கிவிடுகிறார்கள். விசுவாசிகளும் அதையேதான் சொல்கிறார்கள், பெருமையாக. இந்த இரண்டு தரப்பும் ஒத்துப்போகிற இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

உபாகமம் 6ஐ எடுத்துக்கொள்வோம். யூதர்கள் காலையும் மாலையும் சொல்லும் 'ஷெமா' இங்கேதான் இருக்கிறது. எபிரேயத்தில் 'ஷாமா' என்றால் காதால் கேட்பது. கீழ்ப்படிவதற்கும் இந்தப் பிரதி பெரும்பாலும் இதே வினையைத்தான் பயன்படுத்துகிறது. நமக்கு இது புதிதல்ல. 'சொன்னா கேளு' என்று பிள்ளையை அதட்டும்போது நாமும் காதைப் பற்றியா பேசுகிறோம்?

வீட்டிலிருந்தாலும் வழியில் போனாலும், படுக்கப்போகும்போதும் விழித்தெழும்போதும் கட்டளைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கதவு நிலைகளிலும் எழுத வேண்டும். உபாகமத்தின் மையப்பகுதியைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கி.மு. 7ஆம் நூற்றாண்டோடு, யோசியா மன்னனின் சீர்திருத்தத்தோடு இணைத்துப் பார்க்கிறார்கள். வழிபாட்டை எருசலேம் ஒன்றிலேயே குவித்த சீர்திருத்தம் அது. மையம் ஒன்றாகும்போது அதன் சொல் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போய்ச்சேர வேண்டியிருக்கிறது. குழந்தையின் நாள் முழுவதும் பாடவேளையாகிவிடுகிறது. இதுவரை நண்பர்கள் சொல்வது சரி.

ஆனால் 20ஆம் வசனத்தில் மகன் கேட்கிறான்: இந்தச் சட்டதிட்டமெல்லாம் எதற்கு? எபிரேயத்தில் இது வேறு வினை, 'ஷாஅல்'. தமிழில் இரண்டுக்கும் 'கேள்' ஒன்றுதான். தகப்பன் அவனை அதட்டக் கூடாது. எகிப்தில் பார்வோனிடம் நாம் அடிமைப்பட்டுக் கிடந்ததிலிருந்து கதையைத் தொடங்க வேண்டும். கட்டளைக்கான நியாயம் ஒரு விடுதலையின் கதையாக வருகிறது. யாத்திராகமம் 12இன் பஸ்காவிலும், யோசுவா 4இன் யோர்தான் கற்களிலும் பிள்ளையின் கேள்விதான் கதையைத் திறக்கிறது.

இதோடு கொண்டாடி முடித்துவிட முடியவில்லை. பதில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. மகனுக்கு இரண்டாவது கேள்வி கிடையாது. மகளுக்கு முதல் கேள்வியே இல்லை. உபாகமம் 21இல் தாய் தகப்பன் சொல் கேளாத மகனை ஊரார் கல்லெறிந்து கொல்ல வேண்டும். குற்றத்தைச் சொல்லும் வினை அதே 'ஷாமா'. ஆதியாகமம் 22இல் ஈசாக்கு கேட்பது ஒரே கேள்வி: நெருப்பு இருக்கு, விறகு இருக்கு, ஆட்டுக்குட்டி எங்கேப்பா? சோதோமுக்காக ஐம்பதிலிருந்து பத்துவரை கடவுளோடு பேரம் பேசிய ஆபிரகாம், சொந்த மகனிடம் மழுப்புகிறான். ஆசீர்வாதம் வருவது கேள்வி கேட்டதற்காக அல்ல, சொல் கேட்டதற்காக.

பின்னால் வந்த யூத வாசகர்கள் இந்த இடத்தில் சும்மா இருக்கவில்லை. தால்முட்டின் சன்ஹெத்ரின் பகுதியில் ரபிகள் அந்தக் கல்லெறிச் சட்டத்தின்மீது நிபந்தனைகளை அடுக்குகிறார்கள். பெற்றோர் இருவரும் குரலிலும் தோற்றத்திலும் உயரத்திலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்கிறார் ஒருவர். அப்படியொரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்கிறது ஒரு கருத்து. நான் பார்த்தேன், அவன் கல்லறைமேல் உட்கார்ந்திருக்கிறேன் என்று ரபி யோனத்தான் மறுக்கிறார். அந்த மறுப்பையும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். சட்டத்தை நீக்கவில்லை; அதை நடக்க முடியாததாக்கும் வாசிப்பையும், அந்த வாசிப்புக்கான எதிர்ப்பையும் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். பிரதிக்குள் இல்லாத இரண்டாவது கேள்வியை வாசிப்பு கேட்கிறது.

நாத்திகன் என்பதால் இதில் எனக்கு விலக்கு ஏதுமில்லை. ஆறு வயது மகள் போன மாதம், "நாம மட்டும் ஏம்ப்பா சாமி கும்பிடறதில்ல?" என்றாள். என்னிடம் மனப்பாடமான பதில் இருந்தது, அதுவும் ஒரு விடுதலைக் கதைதான். சொன்னேன். "சரிப்பா, ஆனா..." என்று ஆரம்பித்தாள்.

"சொன்னா கேளு" என்றேன்.

அவளுடைய 'ஆனா' இன்னும் பாக்கி இருக்கிறது.